தவக்கால வாசகத்த நீங்களே வாசிக்கிறீங்களா, இல்ல குரூப்புல வர்ற சிந்தனையோட முடிஞ்சிருதா?

கீழவாசல்காரன் | திங்கள், இரவு 9.40

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்துன நாப்பது நாள்) ஆரம்பிச்சிருச்சு, ரொம்ப நாளா மனசுல கெடந்த ஒரு விஷயம், இங்க வச்சுப் பேசணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எங்க அன்பியம் (பங்குல அக்கம்பக்கத்து வீடுங்க சேந்த குழு) குரூப்புல வெள்ளன அஞ்சு மணிக்கெல்லாம் இன்றைய சிந்தனை, அதாவது அன்னைக்குப் பூசையில வர்ற பைபிள் வாசகத்துக்கு விளக்கம், வர ஆரம்பிச்சிரும். ஒரு ஃபாதரோட ஆடியோ, ஒரு சிஸ்டர் எழுதுனது, முள்முடி படம் போட்டு ஒரு கார்டு, அப்புறம் அதே ஆடியோ வேற ஒருத்தர் மூலமா மறுபடியும். எல்லாம் நல்ல மனசோட அனுப்புறதுதான், நான் குறை சொல்லல. ஆனா பத்து மணிக்கு மேல யாரையாச்சும் பிடிச்சு இன்னைக்கு முதல் வாசகம் என்னன்னு கேட்டுப் பாருங்க. சிந்தனையில வந்த கழுகு கதை ஞாபகம் இருக்கும், ராஜா கதை ஞாபகம் இருக்கும், வாசகம் ஞாபகம் இருக்காது.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். சிந்தனைய கேக்குறதுக்கு முன்னாடி அன்னைக்கு வாசகத்த நாமளே ஒருதடவ பைய வாசிச்சிரணும், பைபிள கையில எடுத்து வச்சு. ஏன்னா தவக்கால வாசகம் சும்மா அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு எடுத்துப் போட்டது இல்ல. ஞாயிறு வாசகம் மூணு வருஷத்துக்கு ஒருதடவ சுத்தி வரும், இந்த வருஷம் மத்தேயு வருஷம். ஆனா தவக்காலத்துல வாரநாள் வாசகம் எல்லா வருஷமும் ஒண்ணுதான், மாறாது. நம்ம சின்னப்புள்ளையில கேட்ட அதே வாசகம் அதே கிழமையில வருது. அம்புட்டு தடவ வந்தும் காதுல விழாம போகுதுன்னா நம்ம கவனிக்கலன்னுதான் அர்த்தம்.

வரிசைய பாருங்க. தவக்காலம் தொடங்குற திருநீற்றுப் புதன் அன்னைக்கு யோவேல், துணிய கிழிக்காத இதயத்தக் கிழின்னு. நற்செய்தி மத்தேயு 6, அதுல ஆண்டவர் மொதல்ல தர்மம் பத்தி சொல்றாரு, அடுத்து செபம், மூணாவதாத்தான் நோன்பு. வெள்ளிக்கிழமை எசாயா 58. நோன்பு இருக்கோம் நீர் ஏன் பாக்கலன்னு ஜனங்க கேக்குறாங்க, அதுக்கு கடவுள் சொல்ற பதில் என்ன தெரியுமா, நோன்பு நாள்லயும் ஒங்க ஆதாயத்தத்தான் பாக்குறீங்க, ஒங்க வேலையாள்கள ஒடுக்குறீங்கன்னு. சனிக்கிழமை அதே அதிகாரத்தோட மிச்சம். இன்னைக்கு திங்கள், லேவியர் 19, கூலியாளோட கூலி விடியிற வரைக்கும் ஒன்கிட்ட இருக்கக் கூடாதுன்னு வருது, நற்செய்தி மத்தேயு 25, பசியா இருந்தேன் சாப்பாடு குடுத்தீங்க. நாளைக்கு மத்தேயு 6ல ஆண்டவர் கத்துக்குடுத்த செபம், அத சொல்லி முடிச்சதும் அவரு திரும்ப எடுத்துப் பேசுறது மன்னிக்கிறத மட்டும்தான். வர்ற வெள்ளி மத்தேயு 5, காணிக்கைய பீடத்து முன்னாடி வச்சிட்டு மொதல்ல போய் சகோதரன்கிட்ட சமாதானம் ஆயிட்டு வா.

ஆரம்பிச்சு பத்து நாள்தான், அதுக்குள்ள திரும்பத் திரும்ப அடுத்தவங்க மொகத்தத்தான் காட்டுது. கறி சாப்பிடாதன்னு ஒரு எடத்துலயும் வரல. நாம தவக்காலம்னாலே மொதல்ல யோசிக்கிறது எதுன்னு ஒங்களுக்கே தெரியும்.

நீங்க எப்புடி வாசிக்கிறீங்க, எந்த வசனம் ஒங்களப் பிடிச்சு நிறுத்துச்சு, எழுதுங்க.


திருநகர் பெரியவர் | திங்கள், இரவு 10.25

தம்பி நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வாசகத்த வாசிக்கணுங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அந்தக் கடைசி பேச்சு எனக்கு ஒப்பல.

எங்க அம்மா காலத்துல திருநீற்றுப் புதனுக்கு முந்துன நாளே கறிச்சட்டிய புளி போட்டு வெளக்கி பரண்ல கவுத்திருவாக. பாஸ்கா (ஈஸ்டர்) முடியிற வரைக்கும் அது கீழ எறங்காது. வீட்டுல கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாக, தலையில பூ வைக்க மாட்டாக. வெள்ளிக்கிழமை ஒருசந்தி (ஒரு வேளைச் சாப்பாட்டு நோன்பு), சுத்தபோசனம் (கறி இல்லாத சாப்பாடு). எங்களுக்கு யாரும் ஒக்கார வச்சு விளக்கம் சொல்லல. அந்தப் பரண பாக்கும்போதெல்லாம் இது வேற காலம்னு புள்ளைங்களுக்குக்கூட தெரியும். ஒடம்புல ஒண்ணும் இல்லாம மனசு மட்டும் நோன்பு இருந்துருமா தம்பி?

நம்ம மதுரைக்கு 1606ல வந்த தத்துவ போதகர் ராபர்ட் தே நொபிலி சாமி காவி உடுத்தி ஒரு வேளை மட்டும் மரக்கறி சாப்பாட்டோட இங்க வாழ்ந்தவரு. அருளானந்தர் சாமி (ஜான் டி பிரிட்டோ) அதே வழியில பண்டாரசாமியா, நம்ம ஊரு துறவி கோலத்துல வந்தவரு. ஓரியூர்ல அவரு தலைய வெட்டுனது 1693 பிப்ரவரி 4, அன்னைக்கு திருநீற்றுப் புதன். அவுங்க ஒடம்ப ஒடுக்கித்தான் இந்த மண்ணுல விசுவாசத்த வெதச்சாங்க.

அப்புறம் நீங்க புதன்கிழமைய தாண்டிட்டீங்க. வர்ற புதன் யோனா 3ஆம் அதிகாரம். நினிவேயில ராஜாவுல இருந்து ஆடு மாடு வரைக்கும் எதையும் சாப்பிடக் கூடாது தண்ணிகூட குடிக்கக் கூடாதுன்னு கட்டளை போடுறான். அதுவும் வாசகம்தானே.


கீழவாசல்காரன் | திங்கள், இரவு 10.50

ஐயா வணக்கம். யோனாவ நீங்க எடுத்துக் குடுத்தது நல்லதாப் போச்சு, அதையே சேந்து வாசிப்போம். ராஜா கட்டளையில சாப்பிடாம இருக்கிறது பாதிதான், மிச்சப் பாதி அவனவன் தன்னோட தீய வழியையும் கையில இருக்கிற வன்முறையையும் விட்டுத் திரும்பணும்னு இருக்கு. கடைசி வசனத்துல கடவுள் எதப் பாத்து மனசு மாறுனாருன்னா அவுங்க தீய வழிய விட்டுத் திரும்புனதப் பாத்துன்னு எழுதியிருக்கு. சாக்குத்துணிய பாத்துன்னு இல்ல.

சுத்தபோசனம் வேணாம்னு நான் சொல்லவே இல்லைங்க, எங்க வீட்டுலயும் இருக்கு. அது கதவு, அதோடயே நின்னுட்டு வீடு வந்துட்டதா நெனச்சிறக் கூடாதுன்னுதான் சொல்றேன். அருளானந்தர் சாமியையே எடுத்துக்கங்க, அவரு செத்தது மரக்கறி சாப்பிட்டதுக்காக இல்லையே. ஞானஸ்நானம் வாங்குன மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரே மனைவியோட இருக்கணும்னு இவரு சொன்னாரு, அவரு தள்ளிவிட்ட மனைவிகள்ல ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதி வீட்டுப் பொண்ணு, அதுல வந்த வினை. வாசிச்ச நற்செய்திய ஒருத்தரோட வீட்டுக்குள்ள கொண்டுபோய் வச்சாரு, அதுக்குத்தான் தலைய குடுத்தாரு.


மேலூர் டீச்சர் | செவ்வாய், காலை 6.15

ரெண்டு பேரு சொல்றதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்லன்னு எனக்குத் தோணுது. மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறதால சட்டத்த மட்டும் சொல்லிடுறேன், குழப்பம் நெறைய இருக்கு. இறைச்சி தவிர்க்கிறது 14 வயசு முடிஞ்சவங்களுக்கு. நோன்பு 18 வயசுல இருந்து 59 முடியிற வரைக்கும், அதாவது ஒரு முழுச் சாப்பாடு, மத்த ரெண்டு வேளை கொஞ்சமா. ரெண்டும் சேந்து கட்டாயமா வர்றது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். ஒடம்புக்கு முடியாதவங்க, சுகர் மாத்திரை போடுறவங்க, புள்ளத்தாச்சிங்க, பால் குடுக்குற அம்மாக்கள் யாரும் தன்ன வருத்திக்க வேணாம். எங்க பங்குல ஒரு பாட்டி சுகரோட ஒருசந்தி இருந்து சிலுவைப் பாதை பத்தாம் நிலையில மயங்கி விழுந்துட்டாங்க. பாவம், அவங்கள யாரும் அப்படி இருக்கச் சொல்லல.

புள்ளைங்களுக்கு நான் என்ன பண்றேன்னா, அன்னைக்கு நற்செய்திய வாசிச்சிட்டு இதுல வர்ற ஆளுங்கள்ல நீ யாரு பக்கத்துல நிப்பன்னு மட்டும் கேப்பேன். மத்தேயு 25 அன்னைக்கு ஒரு நாலாவது படிக்கிற பையன் எந்திரிச்சு, டீச்சர், இடது பக்கம் நிக்கிறவங்களும் ஆண்டவரேன்னுதான கூப்புடுறாங்க, அவங்களுக்கும் சாமிய தெரியும்தானன்னு கேட்டான். நான் அத்தன வருஷமா வாசிச்சும் அந்தக் கோணத்துல பாத்ததில்ல. ரெண்டு கூட்டமும் கேக்குறது ஒரே கேள்வி, ஆண்டவரே எப்போ உம்மப் பாத்தோம்னு. ரெண்டு கூட்டத்துக்கும் அவரப் பாத்தது தெரியல, வித்தியாசம் செஞ்சதுல மட்டும்தான் இருக்கு.


நைட் டியூட்டி | செவ்வாய், காலை 8.05

இப்பத்தான் டியூட்டி முடிஞ்சு மாட்டுத்தாவணி பஸ்ஸுல ஒக்காந்திருக்கேன். நர்ஸா இருக்கேன் அண்ணா, பைபிள எடுத்து வச்சு வாசிக்கிறதுக்கெல்லாம் நேரம் கிடைக்கிறதில்ல, காலைப் பூசைக்கும் போக முடியாது, தவக்காலம் வந்தாலே எல்லாரும் எதையோ செய்யுறாங்க நான் மட்டும் தூங்கி எந்திரிச்சு திரும்ப டியூட்டிக்குப் போறேன்னு ஒரு உறுத்தலாவே இருக்கும். என்ன மாதிரி ஆளுங்க என்ன பண்றது.


கீழவாசல்காரன் | செவ்வாய், காலை 8.30

தங்கச்சி, மத்தேயு 25ல நோயுற்றிருந்தேன் என்னைக் கவனிச்சீங்கன்னு வர்ற எடத்துல ராத்திரி பூரா நின்னுட்டு வர்றீங்க. ஒரு வசனம் போதும். டியூட்டிக்குக் கிளம்புறப்ப போன்ல அன்னைக்கு நற்செய்திய ஒருதடவ வாசிங்க, மனசுல ஒட்டுன ஒரு வரிய எடுத்துக்கங்க, ட்ரிப் மாத்தப் போறப்ப அந்த வரிய மனசுல சொல்லிக்கங்க. இயேசு சபைய ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் சொல்லிக்குடுத்த ஆன்மச் சோதனை ஒண்ணு இருக்கு, தூங்குறதுக்கு முன்னாடி அந்த நாள நன்றியோட திரும்பிப் பாக்குறது, எங்க ஆண்டவர் பக்கத்துல இருந்தாரு, எங்க நான் விலகுனேன்னு. அத நீங்க காலையில பஸ்ஸுல பண்ணிக்கலாம்.


பசுமலை தம்பி | செவ்வாய், மதியம் 1.20

அண்ணா நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). நாங்களும் லெந்து நாட்கள் அனுசரிக்கிறோம். உங்க வரிசைய வாசிச்சு நானும் ஏசாயா 58 எடுத்துப் பாத்தேன், நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு வசனத்த எடுத்து நாள் பூரா வச்சுக்கிறதுன்னு சொல்றீங்களே அதுக்கு முறை எதுவும் இருக்கா? நான் வாசிக்க ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷத்துல மனசு எங்கயோ போயிருது.


கீழவாசல்காரன் | செவ்வாய், இரவு 9.15

இருக்கு தம்பி, ரொம்பப் பழைய முறை. 12ஆம் நூற்றாண்டுல கார்த்தூசியன் சபையில குய்கோன்னு ஒரு துறவி இத நாலு படியா எழுதி வச்சாரு. வாசிக்கிறது, தியானிக்கிறது, செபிக்கிறது, கடைசியா சும்மா ஆண்டவர் முன்னாடி இருக்கிறது. வாசிக்கிறது சாப்பாட்ட வாயில வைக்கிற மாதிரி, தியானம் மெல்லுறது, செபம் ருசிய எடுக்கிறது, கடைசிப் படிதான் அந்த இனிப்புன்னு அவரு சொல்றாரு. நம்மள்ல பல பேரு மெல்லாம முழுங்குறோம்.

நான் செய்றத சொல்றேன், இதுதான் சரின்னு இல்ல. முந்துன நாள் ராத்திரியே வாசகத்த ஒருதடவ வாசிச்சு வச்சிருவேன். காலையில வாய்விட்டு வாசிப்பேன், மனசுக்குள்ள வாசிச்சா ஓடிரும், வாய்விட்டு வாசிச்சா ஓட முடியாது. எந்த வரியில நாக்கு தயங்குதோ அங்க நின்னுருவேன். நேத்து லேவியர் 19ல கூலி வசனத்துல நின்னேன். நின்னா என்ன நடக்கும்னா ஆளுங்க மொகம் வரும். வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, அஞ்சாம் தேதி தாண்டுனாலும் நம்ம தெருவுல எத்தன வீட்டுல, சில்லறையா இல்லம்மா நாளைக்கு வாங்கிக்கன்னு சொல்லி அனுப்புறாங்க. லாரியில மூட்டை எறக்குற அண்ணன், சாயந்திரம் வா கணக்கு பாத்துக்கலாம்னு சொன்னதும் அவரு கடை வாசல்லயே குத்தவச்சு ஒக்காந்திருப்பாரு, அவரு வீட்டுல அன்னைக்கு அரிசி வாங்குறது அந்தக் காசுலதான். விடியிற வரைக்கும்னு வசனத்துல ஏன் போட்டிருக்குன்னு அப்பத்தான் வெளங்கும். இணைச்சட்டம் 24லயும் இதே விஷயம், பொழுது சாயுறதுக்குள்ள குடுத்துரு, அவன் அத நம்பித்தான் இருக்கான்னு.

சிந்தனை ஆடியோவுல பாதிக்கு மேல இந்த வசனத்த தொடவே இல்ல, அன்பு செய்யுங்கள்னு பொதுவா சொல்லிட்டு போயிட்டாங்க. அன்பு செய்யின்னு பொதுவா கேட்டா யாருக்கும் வலிக்காது தம்பி. இன்னைக்கு ராத்திரிக்குள்ள காசக் குடுன்னு கேட்டா வலிக்கும்.


காஜா பட்டன் | செவ்வாய், இரவு 11.30

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். நான் ஒரு தையல் யூனிட்ல வேலை பாக்குறேன், காஜா எடுக்குறது பட்டன் கட்டுறது, பீஸ் ரேட்டு. எங்க ஓனரும் எங்க பங்குதான். தவக்காலம் வந்தா செருப்பு போட மாட்டாரு, காலையில தினம் பூசை, வீட்டுல முட்டைகூட கெடையாது, திருநீற்றுப் புதன்ல பூசுன நெத்தி சாம்பல அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அழிக்க மாட்டாரு. அவரு பக்தி பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா எங்களுக்கு ரெண்டு வாரக் கூலி எப்பவும் அவருகிட்டத்தான் நிக்கும். சனிக்கிழமை சாயந்திரம் மிஷின ஆப் பண்ணிட்டு நூல் குப்பையெல்லாம் கூட்டி அள்ளிட்டு டேபிள் முன்னாடி வரிசையா நிப்போம். அவரு நீட்டு நோட்ட எடுத்து, எச்சில் தொட்டு பக்கத்த திருப்பி, எங்க பேருக்கு நேரா பென்சில்ல ஒரு கோடு போடுவாரு. பேனாவுல போட்டா குடுத்தாச்சுன்னு அர்த்தம், பென்சில்னா அடுத்த வாரம். பார்ட்டிகிட்ட இருந்து பணம் வரலம்மாங்குவாரு. எங்க கூட இருக்கிற ஒரு அக்கா அந்தப் பென்சில் கோட்ட பாத்ததும் ஒண்ணும் பேசாம பைய தூக்கிட்டு கீழ எறங்கிரும், அதுக்கு வட்டிக்கு வாங்குனத அன்னைக்கு கட்டணும்.

நான் கோயில்ல வாசகம் வாசிக்கிறவ. போன வெள்ளிக்கிழமை காலைப் பூசையில எனக்குத்தான் முதல் வாசகம் குடுத்தாங்க. எசாயா 58. ஒங்க வேலையாள்கள ஒடுக்குறீங்கங்கிற வரி வந்தப்ப எனக்கு குரல் தடுமாறிருச்சு, அவரு மூணாவது பெஞ்சுல ஒக்காந்திருக்காரு. தலைய குனிஞ்சு பக்தியோட கேட்டாரு. ஆண்டவரின் அருள்வாக்குன்னு சொல்லி முடிச்சேன், இறைவா உமக்கு நன்றின்னு அவரும் சேந்து சொன்னாரு. மறுநாள் சனிக்கிழமை பென்சில்தான்.

இன்னைக்கு நற்செய்தியில மன்னிக்கலன்னா உங்களுக்கும் மன்னிப்பு இல்லன்னு வருது. நான் மன்னிச்சிட்டு சும்மா இருக்கணுமா? கேட்டா வேலை போயிருமோன்னு பயமா இருக்கு, கேக்காம இருந்தா அவரப் பாக்கும்போதெல்லாம் உள்ள கசக்குது, நற்கருணை வாங்கப் போறப்ப வரிசையில அவரு முன்னாடி நின்னா என் மனசு செபத்துல இல்ல.


திருநகர் பெரியவர் | புதன், காலை 5.50

ஆத்தா, நீ எழுதுனத ரெண்டு தடவ வாசிச்சேன். நான் முந்தாநாள் பரண் கதை சொன்னேன். அந்தக் காலத்துலயும் பண்ணையார் வீட்டுல கறிச்சட்டி பரணுக்குப் போகும், கூலி நெல்லு மட்டும் மரக்கால்ல தலைதட்டித்தான் வரும். அதையும் நான் பாத்திருக்கேன். கீழவாசல் தம்பி சொல்றது எனக்குப் புரியுது.


கீழவாசல்காரன் | புதன், காலை 6.40

சகோதரி, நீங்க பேர் எதுவும் சொல்லாம எழுதுனது சரி, அப்படியே இருக்கட்டும்.

ஒங்க கேள்விக்கு என் புத்தியில இருந்து பதில் சொல்ல எனக்கு தைரியம் இல்ல, அதே லேவியர் 19ல இருந்து சொல்றேன். கூலி வசனம் 13. அதே வாசகத்துல 17ஆம் வசனத்துக்கு வாங்க. ஒன் சகோதரன உள்ளத்துல பகைக்காத, அவன் தப்ப அவன்கிட்ட எடுத்துச் சொல்லு, இல்லைன்னா அவனால நீயும் பாவத்துக்கு ஆளாவன்னு வருது. 18ல பழிவாங்காத, ஒன்மேல அன்பு வைக்கிற மாதிரி அடுத்தவன்மேல அன்பு வையின்னு முடியுது. நாம எல்லாரும் 18ஆம் வசனத்த மட்டும் மனப்பாடமா வச்சிருக்கோம், அது 13ஆம் 17ஆம் தாண்டித்தான் வருது. மன்னிக்கிறதுன்னா கேக்காம இருக்கிறது இல்ல. உள்ள கசப்ப வச்சுக்கிட்டு வெளியில ஒண்ணும் சொல்லாம இருக்கிறதத்தான் இந்த வசனம் வேணாங்குது. அவருகிட்ட சொல்றதே அவருமேல நீங்க வைக்கிற அன்பு, அவரு ஆன்மாவுக்கும் அது வேணும். யாக்கோபு 5ல குடுக்காம பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுது, அறுவடைக்காரங்க சத்தம் ஆண்டவர் காதுக்கு போயிருச்சுன்னு இருக்கு. அந்தச் சத்தத்துக்கு நடுவுல அவரு தினம் பூசை காணுறாரு, அது அவருக்குத் தெரியணுமில்ல.

தனியா போகாதீங்க. கூட இருக்கிற அக்காவையும் கூட்டிட்டு, மத்தவங்க இல்லாத நேரமா, அவரு மானம் போகாத மாதிரி, எங்களுக்கு எந்தக் கிழமை குடுப்பீங்கன்னு ஒரு தேதி கேளுங்க. நெலம மோசமா இருந்தா பங்குத்தந்தைகிட்ட ஒரு வார்த்த போட்டு வைங்க. நாங்க எல்லாரும் ஒங்களுக்காக செபம் பண்றோம்.


கருமாத்தூர் தம்பி | புதன், காலை 10.10

எல்லாம் சரிண்ணே, அந்த அக்காவுக்கு நடக்குறது அநியாயம்தான். ஆனா எனக்கு ஒரு பயம். இப்படியே போனா தவக்காலம்னா சமூக சேவைன்னு ஆயிரும், அதுக்கு சங்கமே போதும் சாமி எதுக்குன்னு கேப்பாங்க. யோவேல்ல என்னிடம் திரும்பி வாருங்கள்னுதான இருக்கு. திரும்புறது கடவுள்கிட்ட. அவரோட ஒறவு இல்லாம செய்யுற தர்மம் கொஞ்ச நாள்ல காஞ்சு போயிரும், நான் காலேஜ்ல இருக்கிறப்ப பாத்திருக்கேன், ஊருக்காக ஓடி ஓடி செஞ்சவங்க செபத்த விட்டதும் கசந்துபோய் ஒதுங்கிட்டாங்க.


கீழவாசல்காரன் | புதன், மதியம் 2.00

தம்பி இது முக்கியமான பேச்சு. இதுக்கும் வரிசையிலயே எடம் இருக்கு. மார்ச் 16, நாலாவது வாரம் திங்கக்கிழமையில இருந்து வாரநாள் நற்செய்தி யோவானுக்கு மாறிரும், பெரிய வாரம் (பாஸ்காவுக்கு முந்துன வாரம்) வரைக்கும் பெரும்பாலும் யோவான்தான். பெத்சதா கொளத்துல 38 வருஷம் படுத்துக் கெடந்தவன், அப்புறம் ஆலயத்துல நடக்குற வாக்குவாதம், நானேன்னு அவரு சொல்றது, கல்லெறிய வர்றது. அங்க என்ன செய்யணும்ங்கிற பேச்சு கொறைஞ்சு, இவரு யாருன்னுங்கிற கேள்வி ஏறிக்கிட்டே போகும். ஞாயிறும் அப்புடித்தான், மார்ச் 8 சமாரியப் பொண்ணு, 15 பிறவிக் குருடன், 22 லாசர். பாஸ்கா ராத்திரி ஞானஸ்நானம் வாங்கப் போறவங்கள தயார் பண்றதுக்கு ஆதிகாலத்துல இருந்து வச்ச மூணு நற்செய்தி. தண்ணி, வெளிச்சம், உயிர்.

ஆனா மொதல்ல கூலி, மன்னிப்பு, பசி, அதுக்கப்புறம்தான் யோவான். எனக்குப் புரியுறது என்னன்னா, கூலிய பிடிச்சு வச்சவன் காதுல நானே உயிர்னு சொன்னா விழாது. அதனாலதான் மொதல் வாரத்துல அந்தக் கணக்க தீத்துக்கச் சொல்லுது. நீங்க சொல்ற ஒறவுக்குப் போற பாதையே அதுதான், ரெண்டும் வேற வேற பாதை இல்ல.


பசுமலை தம்பி | புதன், இரவு 8.45

ஒரு சந்தேகம். மத்தேயு 6ல வலது கை செய்யுறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு இருக்கே. எங்க சபையிலயும் பாக்குறேன், உபவாச நாள் எத்தனாவதுன்னு தெனம் ஸ்டேட்டஸ் வருது, அன்னதானம் குடுக்குற போட்டோவுல வாங்குறவங்க மொகம் தெளிவா தெரியுது.


மேலூர் டீச்சர் | புதன், இரவு 9.30

தம்பி, வாங்குறவங்க மொகத்த போடுறது எனக்கு மனசே தாங்காது. அந்தப் பாட்டியோட பேரப்பிள்ளை அத போன்ல பாக்கும்ல. எங்க வகுப்புல தவக்கால டப்பா குடுப்போம், புள்ளைங்க மிட்டாய்க் காச அதுல போடும், பாஸ்காவுக்கு முன்னாடி கத்தோலிக்கத் திருச்சபையோட உதவி அமைப்பு காரித்தாஸ் இந்தியாவோட பசிக்கு எதிரான தவக்காலக் காணிக்கைக்கு அனுப்பிருவோம். யாரு எம்புட்டு போட்டாங்கன்னு எண்ணவே மாட்டோம், எல்லா டப்பாவையும் ஒரே துணியில கொட்டிருவோம். முந்தியெல்லாம் அதிகமா போட்ட புள்ளைக்கு பரிசு குடுக்குற வழக்கம் இருந்துச்சு, அத நிறுத்தச் சொல்லி ஃபாதர்கிட்ட கேட்டு வாங்குனேன். காசு இருக்கிற வீட்டுப் புள்ளையே எல்லா வருஷமும் ஜெயிக்கும், அது தவக்காலமா?

இன்னொண்ணு, இந்த வருஷம் நம்ம தவக்காலமும் ரமலானும் கூடவே வருது. காஜிமார் தெரு பக்கம் சாயந்திரம் போனா நோன்புக் கஞ்சி யாரு எவருன்னு கேக்காம பாத்திரத்த நீட்டுனவங்களுக்கெல்லாம் ஊத்துறாங்க. போட்டோ எடுக்குறவங்கள நான் பாக்கல.


நைட் டியூட்டி | வியாழன், காலை 7.55

அண்ணா நீங்க சொன்ன மாதிரி ஒரு வரிய எடுத்துட்டுப் போனேன். நேத்து பெட்டுல ஒரு தாத்தா, கூட ஆளே இல்ல, ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு, ஆனா அவருக்கு தண்ணி குடுக்கக் கூடாத கேஸு. வழக்கமா தூரத்துல இருந்தே இல்ல தாத்தான்னு சொல்லிருவோம். தாகமா இருந்தேன்ங்கிற வரி மனசுல கெடந்ததால பஞ்ச நனைச்சு ஒதட்ட தொடச்சு விட்டேன், ஒவ்வொரு ரவுண்டுலயும். அவ்வளவுதான், எழுதணும்னு தோணுச்சு.


காஜா பட்டன் | வெள்ளி, இரவு 10.40

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு காலையில பூசையில பீடத்துல காணிக்கைய வச்சிட்டு போய் சமாதானம் ஆயிட்டு வாங்குற நற்செய்தி. மதியம் சாப்பாட்டு நேரத்துல நானும் அந்த அக்காவும் போய்ப் பேசுனோம். எனக்கு கை நடுங்குச்சு. அண்ணே ஒங்கமேல எங்களுக்கு மரியாதை இருக்கு, ஆனா எங்க காசு ரெண்டு வாரம் ஒங்ககிட்ட நிக்குது, எந்தக் கிழமை தருவீங்கன்னு ஒரு தேதி சொல்லுங்கன்னு கேட்டேன். மொதல்ல கோவப்பட்டாரு, நான் என்ன ஏமாத்துறவனாம்மான்னு கேட்டாரு. அக்கா ஒண்ணும் பேசல, அழுதுருச்சு. அவரு கொஞ்ச நேரம் நோட்டயே பாத்துட்டு இருந்துட்டு ஒரு வாரக் கூலிய ரெண்டு பேருக்கும் எடுத்துக் குடுத்தாரு. மிச்சம் குருத்து ஞாயிறுக்குள்ள (பாஸ்காவுக்கு முந்துன ஞாயிறு)ன்னு சொல்லியிருக்காரு. மத்த பொம்பளைங்களுக்கு குடுக்கல. நாளைக்கு சனிக்கிழமை, அவங்களையும் கேக்கச் சொல்லணும், எல்லாரும் பயப்படுறாங்க.

வேலை போகல. கசப்பு முழுசா போயிருச்சான்னா இல்ல. ஆனா அவருக்காக இன்னைக்கு ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்ல முடிஞ்சுச்சு, முன்னாடி அதுகூட வராது.


திருநகர் பெரியவர் | வெள்ளி, இரவு 11.00

நல்லது ஆத்தா. மத்தவங்களுக்கும் கேட்டு வாங்கிக் குடு. சனிக்கிழமை என்ன ஆச்சுன்னு எழுது.


கருமாத்தூர் தம்பி | சனி, காலை 7.20

அக்கா, எங்க காலேஜ்ல சட்டம் தெரிஞ்ச ஒரு அண்ணன் இருக்காரு, கூலி பிடிச்சு வைக்கிறதுக்கு தொழிலாளர் துறையில மனு குடுக்க வழி இருக்காம். ஒடனே வேணாம், குருத்து ஞாயிறு வரைக்கும் பாருங்க. வேணும்னா தனிச் செய்தியில சொல்லுங்க, பேசி வைக்கிறேன்.

கீழவாசல் அண்ணே, பாவசங்கீர்த்தனத்துக்கு (சாமியார்கிட்ட பாவத்த அறிக்கையிடுறதுக்கு) எப்ப போறது நல்லது, பெரிய வாரத்துல போனா கூட்டம் தாங்க முடியல.


கீழவாசல்காரன் | சனி, காலை 8.10

பெரிய வாரம் வரைக்கும் வைக்காதீங்க தம்பி. எங்க பங்குல குருத்து ஞாயிறுக்கு முந்துன வாரம் வெளியூர் சாமியார்கள கூப்பிட்டு ஒப்புரவு வழிபாடு வைப்பாங்க, ஒங்க பங்குலயும் இருக்கும், அறிவிப்பு கேட்டுக்கங்க. அதுக்கு முன்னாடி ஏதாச்சும் வாரநாள் காலைப் பூசைக்கு அரைமணி முன்னாடி போனா ஃபாதர் சும்மாதான் இருப்பாரு, நிதானமா பேசலாம். போறதுக்கு முந்துன நாள் ராத்திரி லேவியர் 19, 11ல இருந்து 18 வரைக்கும் வாசிச்சிட்டுப் போங்க.

வர்ற வியாழன் லூக்கா 16, பணக்காரனும் ஏழை லாசரும், யோவான்ல வர்ற லாசர் வேற. வாசிச்சிட்டு எல்லாரும் எழுதுங்க. அந்தப் பணக்காரன் லாசர அடிக்கல, வெரட்டல, வாசல்ல கெடந்தவன தெனம் தாண்டிப் போனான். அவனுக்கு லாசரோட பேரு தெரிஞ்சிருக்கு, பாதாளத்துல இருந்து பேரச் சொல்லித்தான் கூப்பிடுறான். அதுல இருந்து ஆரம்பிப்போம்.